நீர் விளையாட்டு: விழக் கற்றவரே அலையேறுவர்

நம்மவர் இல்லங்களில் விடுமுறை என்றால், முன்னாளில் ஊருக்குப் புறப்படுவது ஒன்றே பேச்சாக இருக்கும். இரயில் சீட்டு, பாட்டி வீடு, குலதெய்வக் கோயில் என்று எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். இந்நாளில் அதனோடு கடற்கரைப் பயணமும் சேர்ந்துகொண்டது. மும்பையிலும் புணேயிலும் வாழ்வோர் கோவாவுக்குச் செல்கின்றனர். பெங்களூரில் வாழ்வோர் முல்கிக்கும் கோகர்ணத்துக்கும் செல்கின்றனர். ஐதராபாத்தில் வாழ்வோர் விசாகப்பட்டினத்து ருஷிகொண்டாவை நாடுகின்றனர். இக்கரைகளில் பிள்ளைகளின் கண்ணைக் கவரும் புது விளையாட்டு ஒன்று உண்டு. ஆளைவிட நீண்ட பலகையின்மேல் நிமிர்ந்து நின்று, நெடிய துடுப்பினால் நீரைத் தள்ளிச் செல்லும் விளையாட்டு அது. ‘ஸ்டாண்ட் அப் பேடில் போர்டு’ என்பது அதன் பெயர். நாம் இங்கே அதைத் துடுப்புப் பலகை என்றே குறிப்போம்.

“பலகை தக்கைபோல் மிதக்கிறது, காலிலும் கயிறு கட்டியிருக்கிறது, இதில் அஞ்சுவதற்கு என்ன இருக்கிறது?” என்று பெற்றோர் சிலர் கேட்பதுண்டு. காற்றில்லாத காலை நேரத்தில், ஓட்டமில்லாத கழிமுக நீரில் இது சாதுவான விளையாட்டே. முல்கியில் சாம்பவி ஆற்று நீரில் ஏறி நிற்கப் பழகும் பிள்ளை, ஓரிரு மணி நேரத்தில் ஓரளவு துணிவு பெற்றுவிடுகிறான். மறுநாள் அதே துணிவோடு, அதே பலகையைத் தூக்கிக்கொண்டு அலை உடையும் கடலில் இறங்கும்போதுதான் அபாயம் தொடங்குகிறது. அமைதியான நீரில் விழுந்தால் பலகை பக்கத்திலேயே கிடக்கும். அலையில் விழுந்தால் அது நம்மை நோக்கியோ பிறரை நோக்கியோ பாயும்.

ஆகவே இவ்விதழில் நாம் வற்புறுத்த விரும்புவது ஒன்றே. அலையில் விழுவது குற்றமன்று. அதைத் தவிர்க்கவும் இயலாது. ஆனால் விழும்போதும் விழுந்தபின்னும் பலகை எங்கே இருக்கிறது என்று அறிந்து, அதை அடக்கிவைப்பது நம் கடமை. அதைக் கற்காதவர், எவ்வளவு அழகாக நிற்கப் பழகியிருந்தாலும், அலைக்குள் செல்லத் தகுதி பெற்றவர் ஆகார்.

எங்கிருந்து வந்தது?

இவ்விளையாட்டின் தாயகம் ஹவாய்த் தீவுகள். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், வைக்கீக்கி கடற்கரையில் பயணிகளுக்கு அலைச்சறுக்குக் கற்பித்த தீவுவாசிகளுள் சிலர், பெரிய பலகைகளின்மேல் நின்று துடுப்பு வலித்துத் தம் மாணவரைக் கவனித்துவந்தனர். இடையில் அருகிப்போன அவ்வழக்கத்தை, 2000-ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் லேர்ட் ஹாமில்டன், டேவ் கலாமா முதலிய ஹவாய் வீரர்கள் மீண்டும் தூக்கி நிறுத்தினர். அங்கிருந்து அது உலகெங்கும் பரவியது.

நமக்கும் இதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதற்கில்லை. சோழமண்டலக் கரையில் உடையும் அலைகளை ஊடுருவிக் கட்டுமரம் செலுத்திய மீனவர் கண்டதும் இதே கடல்தான். கட்டுமரம் புரண்டாலும் மூழ்குவதில்லை. நீரில் வீழ்ந்தவர் நீந்திவந்து மீண்டும் ஏறிக்கொள்வர். சென்னைக்குத் தெற்கேயுள்ள கோவளத்தில் இன்று அலைச்சறுக்குக் கற்பிப்போருள் மீனவர் குடும்பத்து இளைஞர் பலர் இருப்பது வியப்பன்று. அலையைப் படிக்கும் பழக்கம் அவர்களுக்கு வீட்டிலேயே கிடைத்த கல்வி.

அடிப்பது அலையா, பலகையா?

கடலைக் கண்டு அஞ்சுவோர் பெரும்பாலும் அலையைக் கண்டே அஞ்சுகின்றனர். கணக்கோ வேறுவிதமாக இருக்கிறது. அலைச்சறுக்கில் நேர்ந்த திடீர்க் காயங்களை ஆராய்ந்து 2002-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட அறிக்கையொன்றில், நூற்றுக்கு 55 காயங்கள் தம்முடைய சொந்தப் பலகை பட்டதால் நேர்ந்தவை. 12 பிறர் பலகையால் நேர்ந்தவை. 17 கடலடித் தரையில் மோதியதால் நேர்ந்தவை. காயங்களில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் தலையிலும் கழுத்திலும் பட்டவை. சாதாரண அலைச்சறுக்குப் பலகைகளைப் பற்றிய கணக்கு இது.

துடுப்புப் பலகையோ அவற்றினும் பெரியது. சிறிய அலைச்சறுக்குப் பலகை 3 கிலோ அளவே நிறையுடையது. துடுப்புப் பலகை 8 முதல் 12 கிலோ வரை இருக்கும். நீளம் ஏறத்தாழ 3 மீட்டர். அதன் பருமன் காரணமாக அலை அதை எளிதில் பற்றி இழுத்துச் செல்லும். ஒரு கன மீட்டர் கடல்நீரின் நிறை ஒரு டன்னுக்குச் சற்று அதிகம் என்பதை நினைவிற் கொண்டால், இடுப்பளவு அலையே அப்பலகையை எத்தகைய வேகத்தில் எறியக்கூடும் என்பது விளங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. காற்கயிறு 3 மீட்டர், பலகை 3 மீட்டர். நாம் விழுந்தால் நம்மைச் சுற்றி 6 மீட்டருக்குமேல், அதாவது 20 அடி வட்டம், பலகை பாயக்கூடிய இடமாகிவிடுகிறது. அவ்வட்டத்துக்குள் நீராடுவோரோ குழந்தைகளோ வேறு பலகையினரோ இருந்தால் அங்கே அலையேறலாகாது. இந்த ஒரு விதியைக் கடைப்பிடித்தாலே பெரும்பகுதி விபத்துகள் நேராமற் போகும்.

காற்கயிறு

பலகையின் பின்முனையையும் நம் பின்காலையும் இணைப்பது இக்கயிறு. அலைக் கடலில் இதன்றி இறங்குவது, கடிவாளமின்றிக் குதிரையைக் கூட்டத்துக்குள் விடுவதற்கு ஒப்பாகும். பலகை கைவிட்டுப் போனால் கரையருகே நிற்பவரை அது தாக்கும். நாமும் மிதவையை இழந்து ஆழ்நீரில் தனித்து விடப்படுவோம்.

கயிறு பலகையின் நீளத்துக்குச் சமமாகவோ சற்று மிகையாகவோ இருத்தல் வேண்டும். தொலைபேசிக் கம்பிபோல் சுருண்ட கயிறு அசையாத நீருக்கு ஏற்றது. அலைக்கு நேரான கயிறே தக்கது. சுருண்ட கயிறு இழுபட்டு நீண்டபின் பலகையை நம்மேல் திருப்பி எறியக்கூடும். இது கற்பனையான அச்சமன்று. நனையுடை வணிகத்தில் உலகப் புகழ்பெற்ற கலிபோர்னியாவின் ஜாக் ஓநீல், 1970-களின் தொடக்கத்தில் தம் இடக்கண்ணை இழந்தது, அந்நாளில் புதிதாகச் செய்துபார்க்கப்பட்ட மீள்தன்மையுள்ள காற்கயிறு பலகையைத் திருப்பி அடித்ததால்தான். 2017-இல் மறையும்வரை அவர் கண்மறைப்போடே காட்சியளித்தார். இன்றைய கயிறுகள் அவற்றைவிடச் சீரானவை. ஆயினும் இழுபட்ட கயிறு எதுவும் மீளும் என்பது மாறாத இயற்கை.

நீரில் இறங்குமுன் ஒவ்வொரு முறையும் மூன்றிடங்களைப் பார்க்க வேண்டும்: கணுக்காற் பட்டை உறுதியாக ஒட்டுகிறதா, கயிற்றில் வெட்டோ வெடிப்போ உண்டா, பலகையோடு பிணைக்கும் சிறுமுடிச்சு தேய்ந்திருக்கிறதா? வாடகைக்கு எடுக்கும் பலகையானால் இச்சோதனை இருமடங்கு அவசியம்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே கூறியாக வேண்டும். கடலுக்குத் தக்க கணுக்காற் கயிறு, ஓடும் ஆற்றுக்குத் தகாது. ஆற்றில் அது கிளையிலோ பாறையிலோ சிக்கினால், நீரோட்டத்தின் விசையில் குனிந்து அவிழ்க்க இயலாது. 2021 அக்டோபரில் வேல்ஸ் நாட்டு ஹேவர்ஃபோர்ட்வெஸ்ட் நகரில், பெருக்கெடுத்த ஆற்றின் தடுப்பணையைத் தாண்டி விழுந்து துடுப்புப் பலகையினர் நால்வர் இறந்தனர். அதன்பின் நடந்த அரசாங்க விசாரணையில் கயிற்றின் வகையும் ஆராயப்பட்டது. ஓடும் நீரில், ஓர் இழுப்பில் விடுபடும் இடைப்பட்டைக் கயிறே வேண்டும்.

இறங்குமுன் கடலைப் படித்தல்

கரைக்கு வந்தவுடன் நீரில் பாய்வது ஆகாது. கால் மணி நேரமாவது நின்று கடலை நோக்க வேண்டும். அலைகள் தொகுதி தொகுதியாக வருவன. சில சிறிய அலைகளுக்குப் பின் பெரியவை மூன்று நான்கு தொடர்ந்து வரும். பிறகு ஓர் ஓய்வு உண்டாகும். ஐந்து நிமிடம் பார்த்துவிட்டு ‘கடல் அமைதி’ என்று இறங்குவோர், பெருந்தொகுதி வரும்போது சரியாக அதன் வாயில் அகப்படுகின்றனர்.

பழகுவோருக்கு முழங்கால் முதல் இடுப்புவரை உயர்ந்த அலையே போதும். அடியில் மணல் இருக்க வேண்டும், பாறை ஆகாது. கரையிலிருந்து கடல் நோக்கி வீசும் காற்று மிகுந்த நாளில் இறங்கலாகாது. நிமிர்ந்து நிற்கும் உடல் பாய்மரம்போல் காற்றை வாங்கி உள்ளே இழுக்கப்படும். அவ்வாறு நேர்ந்தால் நிற்பதை விட்டு முழந்தாளிட்டோ குப்புறப் படுத்தோ துடுப்பு வலித்துக் கரை சேர வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை மேலைக்கடல் நம் விளையாட்டுக்கு உரியதன்று. வானம் தெளிந்திருக்கும் மாதங்களிலும் ஏமாறக்கூடாது. தென் இந்தியப் பெருங்கடலில் எங்கோ எழுந்த புயலின் அலைகள் பல்லாயிரம் கிலோமீட்டர் கடந்து, காற்றே இல்லாத நாளில் நம் கரையில் திடீரெனப் பொங்குவதுண்டு. கேரள மீனவர் இதற்குக் ‘கள்ளக்கடல்’ என்று பெயரிட்டனர். 2024 மே 6-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டத்து லெமூர் கடற்கரையில் பயிற்சி மருத்துவர் ஐவரைக் கடல் கொண்டது, இத்தகைய எச்சரிக்கை நடப்பிலிருந்த வேளையில்தான். ஐதராபாத்திலுள்ள இந்தியத் தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இவ்வெச்சரிக்கைகளை வெளியிடுகிறது. பயணத்துக்குமுன் அதைப் பார்ப்பதற்குச் சில நிமிடமே செல்லும்.

விழும் முறை

உடையும் அலையின் உயரத்துக்கும் அவ்விடத்து ஆழத்துக்கும் ஒரு தொடர்பு உண்டு. பொதுவாக ஒரு மீட்டர் அலை, ஏறத்தாழ ஒன்றேகால் மீட்டர் ஆழத்தில் உடையும். அதாவது, அலை மடியும் இடத்தில் நீர் மார்பளவே இருக்கும். அதனால்தான் தலைகீழாகப் பாய்வதை ஆசிரியர்கள் கண்டிப்பாகத் தடுக்கின்றனர். கழுத்தெலும்பு ஒருமுறை முறிந்தால் வாழ்நாள் முழுவதும் படுக்கையே கதி ஆகலாம்.

நிலை தடுமாறும்போது முதலில் முழங்காலை மடித்து, துடுப்பின் அலகை நீர்மேல் அழுத்தி ஊன்றிப் பார்க்கலாம். பல தடுமாற்றங்கள் இதனாலேயே நேராகிவிடும். இனி விழுவது உறுதி என்று கண்டால் பலகையோடு போராடலாகாது. நாமே விழும் இடத்தைத் தேர்ந்துகொள்வது மேல்.

முதலாவது, பலகைக்கு முன்னால் ஒருபோதும் விழலாகாது. அலை அதை நம் முதுகில் ஏற்றிவிடும். அலையின் பின்புறமாக, கடற்பக்கம் விழுவது சிறப்பு. இயலாவிடில் பக்கவாட்டில், பலகையினின்றும் இயன்றவரை விலகி விழ வேண்டும்.

இரண்டாவது, கால்களை விறைத்து ஊன்ற முயலாமல், பிட்டமோ முதுகோ பக்கமோ படும்படி பரந்து தட்டையாக விழ வேண்டும். அப்போது உடல் ஆழச் செல்லாது.

மூன்றாவது, துடுப்பைக் கையில் பற்றியவாறே உடலினின்றும் அப்பால் நீட்டிப் பிடிக்க வேண்டும். அலகும் தண்டும் முகத்தருகே வருதல் கூடாது. அலையின் வலிமை துடுப்பைப் பறித்துக்கொண்டால் போகட்டும், அது மிதக்கும். முதலில் பலகை, பிறகே துடுப்பு.

நான்காவது, நீருக்குள் சென்றதும் வாயை மூடி, மற்றொரு கையால் தலையையும் முகத்தையும் காத்துக்கொள்ள வேண்டும். சிறிய அலை நம்மை உருட்டுவது சில விநாடிகளே. உடலைத் தளரவிட்டு மனத்துள் எண்ணிக்கொண்டிருந்தால், ஐந்து எண்ணுவதற்குள் பெரும்பாலும் அது விட்டுவிடும். பதறிக் கை கால் உதைப்போரே மூச்சை வீணாக்குகின்றனர்.

எழுந்தவுடன் செய்வது

விழுவதைவிட எழும்போதே அடிபடுவோர் உண்டு. கயிறு இறுகி இழுபடுவதைக் காலில் உணர்ந்தால், பலகை மீண்டு வரக்கூடும் என்று பொருள். ஆகவே ஒரு கையைத் தலைக்குமேல் உயர்த்தி மறைத்தவாறே மேலெழ வேண்டும். எழுந்தவுடன் மூச்சு; அடுத்து, பலகை எங்கே என்று ஒரு பார்வை; அடுத்து, வரும் அலை எங்கே என்று கடலை நோக்கி ஒரு பார்வை. இவ்வரிசை மனப்பாடமாக வேண்டும்.

இங்கேதான் தலையாய விதி வருகிறது: பலகை கரைப்பக்கம், நாம் கடற்பக்கம். வரும் அலைக்கும் நமக்கும் இடையே பலகை கிடந்தால், அலை அதைத் தூக்கி நம் முகத்தில் அறையும். பலகை நமக்குக் கரைப்பக்கம் இருந்தால், அலை அதை நம்மிடமிருந்து அப்பால் இழுத்துச் செல்லும். விழுந்தெழுந்த ஒவ்வொரு முறையும், வேறு எதையும் நினையாமல் அந்த இடத்துக்கு வந்துவிட வேண்டும்.

அடுத்த அலை வருவதற்குப் போதிய நேரம் இருந்தால், கயிற்றைப் பிடித்துப் பலகையை அருகே இழுத்து, துடுப்பைக் குறுக்கே வைத்து, நடுப்பகுதியில் வயிற்றால் ஏறி முழந்தாளிடலாம். நேரம் இல்லையேல் ஏற முயலாமல், பலகையின் பின்முனையையோ அதை ஒட்டிய கயிற்றுப் பகுதியையோ பற்றி, முன்முனை கரையை நோக்குமாறு நிறுத்தி, அலைக்குக் கீழே தாழ்ந்து அதைக் கடக்கவிட வேண்டும். அங்கே பற்றுவதால் 20 அடி வட்டம் சில அடியாகச் சுருங்கிவிடும். பலகையை அடக்குதல் என்பது பெரும்பாலும் இதுவே. எந்நிலையிலும் கயிற்றை விரலிலோ மணிக்கட்டிலோ சுற்றிக்கொள்ளலாகாது. அலை இழுத்தால் விரல் முறியும்.

பற்றிக்கொள்ள இயலாத பேரலை வந்தால் பலகையை விட்டுவிட்டு மூழ்குவது தவிர்க்க முடியாததாகலாம். அதற்குமுன் பின்னால் திரும்பி ஒருமுறை பார்ப்பது அறம். பின்னால் ஒருவர் இருந்தால், நமக்கு இன்னல் நேர்ந்தாலும் பலகையை இயன்றவரை பற்றியிருக்க வேண்டும். அத்தகைய அலை வரும் நாளில் அங்கே இருந்ததே பொருத்தமற்றது என்று எண்ணிக் கரையேறுவதே முறை.

கரை சேரும்போதும் ஒரு கவனம் வேண்டும். பலகையின் அடியில் நீண்டு நிற்கும் தகடு மணலில் முட்டினால், பலகை சட்டென நின்று நாம் முன்னே தூக்கி எறியப்படுவோம். தொடையளவு நீரிலேயே இறங்கி, பலகையைப் பக்கத்தில் வைத்து, அதன் முனை அலைக்கு நேராக இருக்கும்படி நடத்திச் செல்ல வேண்டும்.

நீரோட்டம் இழுத்தால்

அலைகள் கரையிற் கொட்டிய நீர், ஓரிடத்தில் ஒன்றுகூடிக் கடலுக்குத் திரும்புவதுண்டு. இரு பக்கமும் நுரை பொங்க, நடுவே அலையின்றி அமைதியாகத் தோன்றும் கால்வாய்போன்ற இடமே அது. அறியாதவர் அதையே பாதுகாப்பான இடமென்று எண்ணி இறங்குகின்றனர். அதில் அகப்பட்டால் கரையை நோக்கிப் போராடிச் சோர்வடையலாகாது. கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் சென்று, அலை உடையும் இடத்தை அடைந்தபின் திரும்ப வேண்டும். எக்காரணத்தாலும் பலகையை விட்டு நீந்தலாகாது. இவ்வளவு நேரம் நாம் அஞ்சிய அதே பலகை, அப்போது நம் உயிர்க்காப்பு. அதன்மேல் படுத்துக் கையை உயர்த்தி அசைத்தால் கரையிலுள்ள காவலர் காண்பர்.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை

நீந்தத் தெரியாத பிள்ளையை அலைக்குள் அனுப்புவது கூடவே கூடாது. மிதவைச் சட்டை நீச்சலுக்கு ஈடாகாது. அசையாத நீரில் அதை அணிந்தே தீர வேண்டும். அலையில் அணிவதைப் பற்றிப் பயிற்சியாளரின் சொற்படி நடக்க வேண்டும். தலைக்கவசம் அணியச் சொன்னால் பிள்ளைகள் வெட்கப்படுவர். அவ்வெட்கத்துக்கு இடங்கொடுக்க வேண்டாம்.

பயிற்சிக்கு விடும் இடத்தில் ஒரு கேள்வி கேளுங்கள்: “முதல் நாள் என்ன கற்பிப்பீர்கள்?” என்று. ‘நிற்க வைத்துவிடுவோம்’ என்ற மறுமொழி மட்டும் வந்தால், சற்றுத் தயங்குங்கள். ‘விழவும் ஏறவும் பழக்கிய பிறகே அலைக்கு அழைத்துச் செல்வோம்’ என்று கூறுவோரிடம் பிள்ளையை நம்பி ஒப்படைக்கலாம். வீட்டிலிருந்து புறப்படுமுன், இடுப்பளவுக்கு மேற்பட்ட நீச்சற்குளத்தில் தட்டையாக விழுவது, தலையைக் காத்து எழுவது, எழுந்தவுடன் இரு பக்கமும் நோக்குவது ஆகிய மூன்றையும் பத்துப் பத்து முறை செய்யச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகவே இருக்கும்.

அயல் மாநிலக் கரையில் நாம் விருந்தினர். அங்கே நீராடும் உள்ளூர்க் குழந்தையின் தலையும் நம் பிள்ளையின் தலையும் ஒன்றே. உயரமான பலகையில் நிற்பவருக்கு அலை முன்கூட்டியே தெரிவதால், எல்லா அலைகளையும் தாமே பற்றிக்கொள்ளும் ஆசை எழும். அதை அடக்கிப் பிறருக்கும் விட்டுக்கொடுக்கக் கற்பிப்போம். அலையின் மடியும் முனைக்கு மிக அருகில் இருப்பவருக்கே அந்த அலை உரியது என்பது உலகெங்கும் வழங்கும் மரபு.

விடுமுறை முடிந்து திரும்பும் பிள்ளை “எத்தனை அலை ஏறினேன், தெரியுமா?” என்று பெருமையோடு சொல்வான். கேட்டு மகிழுங்கள். பிறகு, “எத்தனை முறை விழுந்தாய்? அப்போது பலகை எங்கே இருந்தது?” என்று கேளுங்கள். இரண்டாம் கேள்விக்குத் தயங்காமல் விடை சொன்னால், அடுத்த விடுமுறைக்கும் அவனைத் தாராளமாக அனுப்பலாம்.